ஒன்பதாம் மாதம் விழித்த ஈஸ்ட்: லூயிஸ் நகரத்து இம்பீரியல் ஸ்டவுட், ஒரு சுவைப்பு ஆய்வு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தெற்கு லண்டனில் நண்பர் ஒருவரின் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து மூன்று கறுப்பு பீர்களை இரண்டரை மணி நேரம் சுவைத்தோம். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் சில மிடறுதான். 9 சதவீதம் ஆல்கஹால் உள்ள பானத்தில் அதற்கு மேல் போனால் நாக்கு சொல்வதை நம்ப முடியாது. எனக்கு அன்று ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. பழைய செய்முறையைக் கையில் வைத்துக்கொண்டு காய்ச்சினால் பழைய பீர் கிடைத்துவிடுமா?

மேசையில் இருந்தவை இவை. இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் ஆலை காய்ச்சும் இம்பீரியல் எக்ஸ்ட்ரா டபுள் ஸ்டவுட் இரண்டு பாட்டில். ஒன்று வாங்கி இரண்டு ஆண்டு, இன்னொன்று வாங்கி ஒன்பது ஆண்டு. வாங்கிய தேதியைத் துண்டுத் தாளில் எழுதி நானே ஒட்டி, அலமாரியின் இருட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். மூன்றாவது, நண்பர் தன் வீட்டில் காய்ச்சியது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டுப் பாவனைக்கு உரிமம் இல்லாமலே பீர் காய்ச்சலாம். ஹார்வீஸ் பயன்படுத்தும் அதே நான்கு வகை மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி), அதே இரண்டு வகை ஹாப்ஸ் (கசப்பு தரும் கொடிப்பூ) வாங்கி, கடையில் கிடைக்கும் தூய ஏல் ஈஸ்ட் (சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்) ஒன்றை மட்டும் போட்டு 20 லிட்டர் காய்ச்சியிருந்தார். மால்ட் ஏறத்தாழ பத்து கிலோ: வெளிர் மால்ட் ஏழரை, பிரவுன் ஒன்று, ஆம்பர் ஒன்று, கறுப்பு நானூறு கிராம். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், தொடக்க அடர்த்தி 1.098, நொதித்து முடிந்தபோது 1.028. கணக்குப் போட்டால் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். பாட்டிலில் பதினான்கு மாதம் கிடந்தது.

நண்பரின் மகள் சமையலறையில் ஊற்றி, கிளாஸ்களின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தாள். எது எதுவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பீரின் வெப்பநிலை 13 டிகிரி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் இந்த வகை பீரில் பாதி மணம் எழும்பாது.

யாருடைய செய்முறை?

சுவைக்கு முன் வரலாற்றைக் கொஞ்சம் நேர்செய்ய வேண்டும். இம்பீரியல் ஸ்டவுட் என்றாலே ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் குடித்த பீர் என்ற கதை கூடவே வந்துவிடும். கதையில் உண்மை உண்டு. லண்டன் சதர்க்கில் இருந்த ஆங்கர் ஆலை ஹென்றி த்ரேல் என்பவருடையது. 1781ல் அவர் இறந்த பிறகு ராபர்ட் பார்க்லேயும் ஜான் பெர்க்கின்ஸும் கூட்டாளிகளோடு சேர்ந்து 1,35,000 பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். அதன் பிறகும் மக்கள் வாயில் அது த்ரேல் ஆலைதான். 1796ல் ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் தன் நாட்குறிப்பில், அந்த ஆலையின் போர்ட்டர் என்ற கருநிறப் பீரைக் குடித்ததாகவும், அது ரஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சியது, ஏழு ஆண்டு கெடாது என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். கேத்தரின் இறந்ததும் அதே 1796ல்தான்.

ஆனால் நம் மேசையில் இருந்தது அந்தப் பீர் அல்ல. இருக்கவும் முடியாது. இதில் கறுப்பு மால்ட் இருக்கிறது. மால்ட்டைக் கரியாகாமல், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் உருளையில் சுழற்றி வறுக்கும் கருவிக்கு டேனியல் வீலர் காப்புரிமை பெற்றது 1817ல். கேத்தரின் போய் இருபத்தோரு ஆண்டு கழித்து. இதில் உள்ள ஃபகிள் ஹாப்ஸும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. எனவே பேரரசியை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிடலாம். இந்தச் செய்முறைக்கு வேறு ஒரு வம்சாவளி இருக்கிறது. என் கணக்கில் அதுதான் சுவையானது.

லண்டனில் இருந்து வியாபாரம் செய்த ஏ. லெ கோக் என்ற நிறுவனம் பார்க்லே பெர்க்கின்ஸ் ஆலையின் ஸ்டவுட்டை வாங்கி, தன் பெயரில் பாட்டிலில் அடைத்து, பால்டிக் கடல் வழியாக ரஷ்யப் பேரரசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1869ல் ஒலிவா என்ற கப்பல் பால்டிக்கில் மூழ்கியது. நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, 1974ல், மூழ்குநர்கள் அதிலிருந்து லெ கோக் பெயர் பொறித்த பாட்டில்களை எடுத்துவந்தார்கள். 1912ல் அந்த நிறுவனம் இறக்குமதியை மட்டும் நம்பாமல், அப்போது ரஷ்யாவின் ஆட்சிக்குள் இருந்த எஸ்தோனியாவின் தார்ட்டு நகரத்து டிவோலி ஆலையை வாங்கி அங்கேயே ஸ்டவுட் காய்ச்சத் தொடங்கியது. அதன்பின் உலகப் போர், எஸ்தோனியாவின் விடுதலை, 1940ல் சோவியத் வந்து ஆலையை நாட்டுடைமையாக்கியது. லண்டனில் பிறந்த பீர் எஸ்தோனியாவில் குடியேறி, அங்கே தன் சொந்தக்காரர்களை இழந்தது.

1990களின் இறுதியில் அந்தச் செய்முறையை மறுபடி காய்ச்சிப் பார்க்கும் வேலை ஹார்வீஸுக்கு வந்தது. 1790ல் தொடங்கிய ஆலை. ஊஸ் ஆற்றங்கரையில், 1880களில் வில்லியம் பிராட்ஃபோர்டு வடிவமைத்த கோபுரம்போன்ற கட்டடத்தில் இன்றும் நடக்கிறது. அப்போது தலைமை ப்ரூவர், அதாவது பீர் காய்ச்சும் பொறுப்பாளர், மைல்ஸ் ஜென்னர். மேரிஸ் ஆட்டர் பார்லியில் வெளிர் மால்ட், அதோடு ஆம்பர், பிரவுன், கறுப்பு மால்ட்கள். கிழக்கு கெண்ட் கோல்டிங்ஸ், ஃபகிள் ஹாப்ஸ். சுண்ணாம்புப் பாறை வழியே வடிந்த நிலத்தடி நீர். 1999ல் முதல் பாட்டில்கள் வெளிவந்தன. பழைய வழக்கப்படி தக்கை அடைத்தே அனுப்பினார்கள்.

சொல் அதே, பொருள் வேறு

செய்முறைக் குறிப்பில் “பிரவுன் மால்ட்” என்று இருக்கும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால் பிரவுன் மால்ட் கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 18ஆம் நூற்றாண்டில் அதை விறகுத் தீயின் மேல் வேகமாகக் காய்ச்சி உலர்த்தினார்கள். புகை ஏறியது, மணிகள் பொரிபோல் வெடித்தன. அந்த மால்ட்டை மட்டுமே வைத்து போர்ட்டர் காய்ச்ச முடிந்தது. இன்றைய பிரவுன் மால்ட் உருளையில் வறுபட்டது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதில் செத்துப்போயிருக்கும், வெளிர் மால்ட்டின் துணையில்லாமல் அதால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு மிதவைக் குழாய். 1784ல் ஜான் ரிச்சர்ட்சன் திரவ அடர்த்திமானியால் பீர் ஆலைக்குள் அளக்கக் கற்றுக்கொடுத்த பிறகு, ப்ரூவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. விலை மலிவென்று நம்பி வாங்கிய பிரவுன் மால்ட், வெளிர் மால்ட்டை விட மிகக் குறைந்த சர்க்கரையைத்தான் தருகிறது. கணக்குப் பார்த்தால் வெளிர் மால்ட்தான் மலிவு. மெல்ல மெல்ல எல்லோரும் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். பீரின் நிறம் போயிற்று. போன நிறத்தை மீட்கக் கருகிய சர்க்கரையை நாடினார்கள். கடைசியில் வீலரின் கறுப்பு மால்ட் வந்து பிரச்சினையைத் தீர்த்தது. நிறைய வெளிர், கொஞ்சம் பிரவுன், துளி கறுப்பு என்ற இன்றைய ஸ்டவுட் சூத்திரமே அந்தக் கணக்குப் புத்தகத்தின் பிள்ளை. (ஸ்டவுட் என்றால் அந்தக் காலத்தில் கறுப்பு என்று பொருள் இல்லை, வலுவானது என்றுதான் பொருள்.)

நண்பர் பிரவுன் மால்ட் விஷயத்தில் நிறைய மெனக்கெட்டார். வெளிர் மால்ட்டை வீட்டு அடுப்பில் இரண்டு மணி நேரம் வறுத்தும் பார்த்தார். வீடு முழுக்கப் பொரிகடலை வாசம். மால்ட்தான் பழைய சுவைக்கு வழி என்று அவர் உறுதியாக நம்பினார். நானும் அன்று மாலை ஆறு மணி வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்று கிளாஸ்கள்

ஒன்றாம் எண். நுரை காய்ந்த தேங்காய் நார் நிறம், விரல் அகலத்துக்கு எழுந்து இரண்டு நிமிடம் நின்றது. முகர்ந்ததும் காப்பி, கோகோ, அதற்குப் பின்னால் கருப்பட்டிப் பாகு. வாயில் கனமாக இறங்கியது. முதலில் இனிப்பு, பிறகு கறுப்பு மால்ட்டின் தீய்ந்த கசப்பு, முடிவில் ஹாப்ஸின் கசப்பு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நல்ல பீர், சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாவது மிடறு முதல் மிடறைப் போலவேதான் இருந்தது.

இரண்டாம் எண். கிளாசை மூக்கருகே கொண்டுபோன அண்ணி, நண்பரின் மனைவி, சட்டென்று நிமிர்ந்தார். அவர் பீர் குடிப்பது அபூர்வம். ஆனால் குழம்பு கொதிக்கும் மணத்தை வைத்தே உப்புக் குறைவு சொல்லக்கூடியவர்.

“தம்பி, இது பழப்புளிப் பானை திறந்த மணமெல்லே!”

சரியாகப் பிடித்துவிட்டார். பழைய புளி, காய்ந்த திராட்சை, புதுச் செருப்புக் கடைக்குள் நுழையும்போது வரும் தோல் வாசம், இவற்றுக்கு அடியில் உப்பிட்ட மீன் காயும் கடற்கரையின் மெல்லிய நினைவு. கடைசிச் சொல்லைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். கருவாட்டுக் குழம்பில் கருவாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாயில் போட்டால் முதலில் வருவது இனிப்பு இல்லை, புளிப்பு. நாக்கின் ஓரங்களைத் தொட்டுவிட்டு உடனே விலகும் புளிப்பு. அது விலகிய இடத்தில் கருகிய வெல்லம் நிரம்புகிறது. பிறகு துவர்ப்பு, பாக்கு மென்றாற்போல. விழுங்கிய பின் ஒரு நிமிடம் கழித்தும் உப்பும் கசப்பும் கலந்து தொண்டையில் நின்றன. ஒவ்வொரு மிடறிலும் வேறு ஒன்று முன்னால் வந்தது.

மூன்றாம் எண் இரண்டாவதின் மூத்த உறவு என்று மூவரும் உடனே சொல்லிவிட்டோம். நுரை அநேகமாக இல்லை. காப்பி வாசம் மங்கி, சோயா சாஸ், ஷெர்ரி ஒயின், நாள்பட்ட நார்த்தங்காய் ஊறுகாய். சோயா வாசம் செத்த ஈஸ்ட் செல்கள் மெல்லக் கரைவதால் வருவது. ஷெர்ரி வாசம் ஒன்பது ஆண்டாக உள்ளே கசிந்த காற்றால் வருவது. ஹாப்ஸ் கசப்பு காலத்தோடு தேய்ந்திருந்தது. ஆனால் அந்தப் புளிப்பும் தோலும் தேயவில்லை. சொல்லப்போனால், சுற்றி இருந்த சத்தம் அடங்கியதால் இன்னும் தெளிவாகக் கேட்டன.

நண்பர் இரண்டாம் கிளாசை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

“இதைத்தான் நான் காய்ச்சினதிலை காணேல்லை,” என்றார்.

மகள் எண்களைச் சொன்னாள். முதலாவது நண்பருடையது. இரண்டாவது இரண்டு ஆண்டு ஹார்வீஸ், மூன்றாவது ஒன்பது ஆண்டு ஹார்வீஸ்.

லூயிஸில் நடந்தது

மால்ட் ஒன்று, ஹாப்ஸ் ஒன்று, வலிமையும் ஏறத்தாழ ஒன்று. அப்படியானால் அந்தப் புளியும் தோலும் எங்கிருந்து வந்தன? இதற்கான பதில் எந்தச் செய்முறைக் குறிப்பிலும் இல்லை. லூயிஸ் ஆலைக்காரர்களும் அதை எதிர்பார்த்துக் காய்ச்சவில்லை.

ஹார்வீஸின் ஈஸ்ட் 1957ல் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டரில் உள்ள ஜான் ஸ்மித்ஸ் ஆலையிலிருந்து வந்தது. அன்று முதல் ஒரு காய்ச்சலில் எடுத்து அடுத்த காய்ச்சலில் போட்டு, அதே வம்சத்தைத் தொடர்ந்து காப்பாற்றி வருகிறார்கள். வீட்டில் உறைமோர் எடுத்து வைப்பதுபோல. ஆய்வகத்தில் ஒற்றைச் செல்லிலிருந்து பிரித்த தூய ஈஸ்ட் அல்ல அது. ஆலையின் மரச்சட்டம், காற்று, சுவர் எல்லாவற்றோடும் நாற்பது ஆண்டுக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்தது. 1999ன் ஸ்டவுட்டை அந்த ஈஸ்ட் நொதிக்க வைத்தது. நொதிப்பு முடிந்தது என்று கருதி பாட்டிலில் அடைத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து, தூங்கிக்கொண்டிருந்த பீர் மறுபடி நொதிக்கத் தொடங்கியது. தக்கைகள் மேலே எழும்பின.

ஆராய்ந்து பார்த்தபோது உள்ளே இருந்தது டெபாரியோமைசஸ் ஹான்செனி என்ற இன்னொரு ஈஸ்ட். கடல் நீரிலும் உப்புக் கரைசலிலும் பாலாடைக்கட்டியின் தோலிலும் வாழ்கிற, உப்புக்கு அஞ்சாத இனம். சாதாரண பீர்களில் அது தலைகாட்ட நேரமே இருப்பதில்லை. சில வாரத்தில் பீப்பாய் காலியாகிவிடும். இவ்வளவு சர்க்கரை மிச்சம் வைத்து, மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் ஸ்டவுட்டில்தான் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் கதை லண்டனுக்குத் திரும்புகிறது. பழைய போர்ட்டரும் ஸ்டவுட்டும் பிரம்மாண்டமான மரத் தொட்டிகளில் பல மாதம் கிடந்து முதிர்ந்தவை. எவ்வளவு பெரிய தொட்டிகள் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 1814 அக்டோபர் 17 அன்று லண்டன் மியூ நிறுவனத்தின் ஹார்ஸ் ஷூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்து, வெள்ளமாகப் பாய்ந்த பீரில் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தத் தொட்டிகளின் மரத்துக்குள் என்னவெல்லாம் குடியிருந்தன என்று அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. முதிர்ந்த பீருக்கு ஒரு சுவை வரும், அந்தச் சுவைக்காகவே காசு கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

பெயர் கொடுத்தவர் நீல்ஸ் ஹெல்டே கிளாசன். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், 1883ல் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் தூய ஒற்றை ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து உலகத்தின் பீரையே மாற்றியிருந்தார். கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளாசன் 1904ல் லண்டனுக்கு வந்து, ஆங்கிலேய முதிர் பீர்களின் தனிச்சுவை வேறொரு மெதுவான ஈஸ்ட்டால் வருகிறது, தூய ஈஸ்ட்டை மட்டும் நம்பினால் அது கிடைக்காது என்று சொன்னார். அந்த ஈஸ்ட்டுக்கு பிரெட்டனோமைசஸ், பிரிட்டன் பூஞ்சை, என்று பெயர் வைத்தார். லூயிஸில் விழித்தது பிரெட்டனோமைசஸ் அல்ல, வேறு இனம். ஆனால் அது செய்த வேலை அதே வேலை: முதல் ஈஸ்ட் விட்டுப்போனதை மெல்லத் தின்று, அமிலமும் வாயுவும் மணமும் தருவது. அந்த இனத்தின் பெயரில் இருக்கும் ஹான்செனி, தூய ஈஸ்ட்டின் தந்தையான அதே ஹான்சனைக் கௌரவித்து வைத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் சிலிர்க்கும்.

பெரும்பாலான ஆலைகள் இதைத் தொற்று என்று முடிவுகட்டி, குழாய்களைக் கொதிநீரில் கழுவி, அடுத்த முறை வடிகட்டி அனுப்பியிருக்கும். ஹார்வீஸ் அப்படிச் செய்யவில்லை. அடுத்தடுத்த காய்ச்சல்களை மாதக்கணக்கில் தொட்டியிலேயே வைத்திருந்து, இரண்டாம் நொதிப்பு வந்து அடங்கிய பிறகே பாட்டிலில் அடைக்கத் தொடங்கினார்கள். என் பார்வையில் இந்த ஒரு முடிவுதான் இந்தப் பீரை வரலாற்றுப் பீர் ஆக்குகிறது. லெ கோக்கின் குறிப்பில் மால்ட்டும் ஹாப்ஸும் எழுதியிருந்தன. காத்திருப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்து ப்ரூவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே பட்டிருக்காது. ரசத்துக்குக் குறிப்பு எழுதும் பாட்டி, ஈயச் சொம்பு என்று எழுதுவாளா?

சாப்பாட்டோடு

சுவைப்பு முடிந்ததும் மிச்சத்தைச் சாப்பாட்டோடு வைத்துக் குடித்தோம். அண்ணி செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு நண்பரின் பீர் நன்றாகப் பொருந்தியது; மிளகின் காரத்தை அதன் இனிப்பு தாங்கிக்கொண்டது. ஹார்வீஸ் இரண்டும் பிரட்டலோடு சண்டை போட்டன. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று கூட்டிவிட்டன. நீலப் பூஞ்சை ஓடிய ஸ்டில்டன் பாலாடைக்கட்டியை எடுத்துவைத்ததும் நிலைமை மாறியது. உப்பும் கொழுப்பும் புளிப்பைப் பணியவைத்து, ஒன்பது ஆண்டு பாட்டிலில் அதுவரை தெரியாத அத்திப்பழ இனிப்பை வெளியே இழுத்தன.

இலங்கையிலிருந்து வந்த நண்பருக்கு ஸ்டவுட் என்றால் முதலில் லயன் ஸ்டவுட்தான், நுவரெலியாவில் தொடங்கிய ஆலையின் 8.8 சதவீதப் பீர். வலிமையில் இதற்குச் சற்றுத்தான் கீழே. “அதுக்கு இந்தப் புளிப்பு இல்லை, வெளியிலையிருந்து ஆரையும் உள்ளுக்கு விடாத பீர் அது,” என்றார். அதுவும் நல்ல பீர்தான், வேறு பாதையில் வந்தது.

பத்து மணிக்கு நான் கிளம்பும்போது நண்பர் சமையலறையில் இருந்தார். அவருடைய காய்ச்சலில் ஐந்து லிட்டர் இன்னும் பாட்டிலாகாமல் கண்ணாடிக் குடுவையில் கிடந்தது. இரண்டு ஆண்டு ஹார்வீஸ் பாட்டிலின் அடியில் விரல் கனத்துக்கு மிஞ்சியிருந்த கலங்கலை அதற்குள் ஊற்றினார். அதில் எதுவும் உயிரோடு இருக்கிறதா என்பது இனித்தான் தெரியும். குடுவையின் வாயை வாயு மட்டும் வெளியேறும் மூடியால் அடைத்து, துண்டுத் தாளில் அன்றைய தேதியை எழுதி, அதன் கீழே ஒன்பது மாதம் தள்ளி இன்னொரு தேதியை எழுதி ஒட்டினார்.

“அதுவரை ஒருத்தரும் தொடக்கூடாது,” என்று மகளிடம் சொன்னார். அவள் குடுவையை எடுத்துப் படிக்கட்டின் கீழே, பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில் வைத்தாள்.